பட்டறைக் கேள்வி பதில்: கிடார் முதுகும் எபாக்ஸியும்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, ‘மகோகனி முதுகா, எபாக்ஸி தேய்த்துத் துளையை அடைத்துவிட்டு லாக்கர் அடியுங்கள்’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். முதுகு என்றால் கிடாரின் பின்பலகை, துளை என்றால் மரத்தின் மேல்பரப்பில் இருக்கும் நுண்குழி, எபாக்ஸி என்றால் இரண்டு திரவத்தைக் கலந்து இறுக விடுகிற பிசின், லாக்கர் என்றால் கடைசியில் மேலே அடிக்கும் தெளிந்த பூச்சு. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கொங்கு நாட்டில் இவ்வளவு பேர் வீட்டுப் பொடக்காணியில் உட்கார்ந்து கிடார் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி. தறி ஓட்டுகிறவர், லாரி பாடி கட்டுகிறவர், கல்லூரிப் பையன், பாட்டு வாத்தியார் என்று எல்லாரும் இருக்கிறீர்கள். சரி, இந்த முறை மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு இதை மட்டும் பார்த்துவிடலாம்.

கேள்வி: ஆனைமலைப் பக்கம் தோப்பில் வெட்டிய மகோகனியில் முதுகும் பக்கமும் போட்டு முதல் கிடாரைச் செய்து முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்குக் கதவு செய்த ஆசாரி, ‘சாக் பவுடர்ல காவி கலந்து அடைச்சு பாலீஷ் போட்டாப் போதுங்க, எதுக்கு எபாக்ஸி’ என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(சிங்காநல்லூர் வாசகர்)

கதவுக்கும் கட்டிலுக்கும் ஆசாரி சொல்வதுதான் சரி, செலவும் மிச்சம். கிடார் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மரம் உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து தண்ணீர் ஏற்றிய குழாய்கள் பலகைக்குள் அப்படியே இருக்கின்றன. அறுத்து இழைத்தபின் அவைதான் சின்னச் சின்னக் கோடுகளாக, குழிகளாக மேலே தெரிகின்றன. மகோகனி, தேக்கு, ஈட்டி, வேங்கை, மலைவேம்பு எல்லாவற்றிலும் கண்ணுக்கே தெரியும், நகத்தைக் குறுக்கே இழுத்தால் லேசாகத் தடுக்கும். இதன்மேல் லாக்கரை நேராக அடித்தால் அன்றைக்கு நிறைந்த மாதிரிதான் இருக்கும். பத்து நாள் போனதும், தின்னர் பறந்து, லாக்கர் சுருங்கிக் குழிக்குள் இறங்கியிருக்கும். டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். திரும்பத் திரும்ப அடித்தால் ஒரு நாள் நிறையும்தான், ஆனால் அதற்குள் பூச்சு கண்ணாடி ஓடு மாதிரி தடித்துவிடும். கிடாரில் மொத்தப் பூச்சும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் நின்றால்தான் நல்லது.

சாக் பவுடர் குழியை அடைக்கும், ஆனால் ஒளி ஊடுருவாது. பளபளப்பான தெளிந்த லாக்கருக்கு அடியில் குழி ஒவ்வொன்றும் காவிக் கோடாகத் தெரியும், மரத்துக்குள் எட்டிப் பார்க்கிற அந்த ஆழம் போய்விடும். அரக்கு பாலீஷில் நுரைக்கல் பொடி தூவித் தேய்த்துத் தேய்த்து அடைப்பது பழைய ஐரோப்பிய முறை. அழகாக வரும், ஆனால் வாரக்கணக்கில் கை தேயும். எபாக்ஸியில் பறந்து போக ஒன்றுமே இல்லை. ரெசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று பிணைந்து அப்படியே கெட்டியாகின்றன, குழிக்குள் போன அளவு கிட்டத்தட்ட முழுசாக அங்கேயே நிற்கும். கண்ணாடி மாதிரி இருப்பதால் மரமும் தெரியும். இந்த இரண்டு காரணம் போதும் எனக்கு.

கேள்வி: அண்ணா, கல்லூரியில் காம்போசிட் புராஜெக்டுக்கு வாங்கிய எல்ஒய் 556 ரெசினும் எச்ஒய் 951 ஹார்டனரும் மிச்சம் இருக்கின்றன. 10-க்கு 1 என்று அம்மாவின் சமையல் தராசில் நிறுத்து, முதுகின் ஒரு பாதிக்கு ஒரு தடவையும் மறுபாதிக்கு ஒரு தடவையுமாகக் கலந்து தேய்த்தேன். ஒரு பாதி கல்லாக இறுகிவிட்டது. மறுபாதி மூன்று நாளாகப் பிசுபிசுக்கிறது. ரெசின் பழசாகிவிட்டதா?
(பொறியியல் மாணவர், கோவை)

ஒரே டப்பாவிலிருந்து எடுத்த ரெசின் ஒரு பாதிக்கு மட்டும் பழசாகுமா தம்பி? தராசைப் பாருங்கள். கிடார் முதுகுக்கு ஒரு கைக்கு, அதாவது ஒரு தடவைப் பூச்சுக்கு, 10 கிராம் எபாக்ஸியே தாராளம். நீங்கள் பாதி முதுகுக்குக் கலந்திருக்கிறீர்கள், அதிலும் 10 கிராம் ரெசின் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு ஹார்டனர் 1 கிராம். சமையல் தராசு ஒரு கிராம் ஒரு கிராமாகத்தான் எண்ணும். 0.6 கிராம் விழுந்தாலும் 1 என்று காட்டும், 1.4 விழுந்தாலும் 1 என்றுதான் காட்டும். ஃபைபர் கிளாசுக்கு அரைக் கிலோ கலக்கிறபோது இந்தப் பிழை தெரியாது. பத்து கிராமில் பாதிக்குப் பாதி போய்விடும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கிற மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. அது இல்லாமல் 10-க்கு 1 ரெசினைக் கிடாரில் தொடாதீர்கள்.

இன்னொரு குழியும் இருக்கிறது, விவரம் தெரிந்தவர்களே விழுகிற குழி. சில எபாக்ஸிக்கு எடை விகிதமும் அளவு விகிதமும் வேறு வேறு. கடையில் கிடைக்கிற சாதாரண அரால்டைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அளவில் 1-க்கு 1, எடையில் 100-க்கு 80. அதைத் தராசில் வைத்துச் சரிபாதியாக நிறுத்தால் கணக்கு தப்பிவிடும். டப்பாவில் எது போட்டிருக்கிறது என்று படித்துவிட்டுத் தராசை எடுப்பதா ஊசி போடும் சிரிஞ்சை எடுப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

பிசுபிசுக்கிற பாதியை எப்படிக் காப்பாற்றுவது? அதன்மேல் ஹார்டனரை மட்டும் தனியாகத் தடவலாமா என்று ஒரு யோசனை வரும், எனக்கும் வந்திருக்கிறது, வேண்டாம். ஸ்கிராப்பரால் வழித்து எடுத்து, தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, சரியாக நிறுத்த கலவையை மறுபடி தேயுங்கள். கலக்கும்போது கோப்பையின் ஓரத்தையும் அடியையும் வழித்து வழித்து முழுதாக மூன்று நிமிஷம் கலக்குங்கள், கைக்கடிகாரம் பார்த்து. அப்புறம் அதை வேறு கோப்பைக்கு மாற்றி இன்னும் கொஞ்சம் கலக்குங்கள், ஓரத்தில் கலக்காமல் ஒட்டியிருப்பது முதல் கோப்பையிலேயே நின்றுவிடும்.

பிரஷ் வேண்டாம். பழைய ஏடிஎம் கார்டு ஒன்றை எடுத்து, மரத்தின் ரேகைக்குச் சாய்வாக, அழுத்தி இழுங்கள். முதல் இழுப்பு குழிக்குள் தள்ள, அடுத்த இழுப்பு மேலே நிற்பதை வழித்து எடுக்க. முடித்தபின் பலகைமேல் ஈரப் பளபளப்பு மட்டும்தான் இருக்க வேண்டும், தேங்கி நிற்கக் கூடாது. நம் சித்திரை வெயிலில் கலவை கோப்பையிலேயே இறுகிவிடும். பத்து டிகிரி சூடு ஏறினால் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோப்பையில் குவியலாக வைத்தால் தன் சூட்டில் தானே கொதிக்கும். கொங்குச் சித்திரையில் ஒரு மத்தியானம் 100 கிராம் கலந்து டீக்கடைப் பேப்பர் கப்பில் வைத்துவிட்டு வாசலில் பேசப் போனவன் நான். திரும்பி வந்தால் கப்பிலிருந்து புகை. மணலில் தூக்கி எறிந்தேன், மேஜையில் அந்தக் கரிவட்டம் இன்னும் இருக்கிறது. கலந்ததும் தட்டையான மூடியில் பரப்பிவிடுங்கள், நேரம் கிடைக்கும்.

கேள்வி: ஆடி மாதத்தில் எபாக்ஸி தேய்த்தேன். நன்றாக இறுகிவிட்டது, நகம் பதியவில்லை. ஆனால் மேலே மெழுகு தடவின மாதிரி வழவழப்பு. உப்புத்தாள் போட்டால் இரண்டு இழுப்பில் தாள் அடைத்துக்கொள்கிறது. இப்படியே லாக்கர் அடித்துவிடலாமா?
(உடுமலை வாசகர்)

அடிக்காதீர்கள்! கையில் லாக்கர் டப்பா இருந்தால் கீழே வையுங்கள், அப்புறம் படியுங்கள்.

ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கேரளத்து மழை ஈரத்தை அள்ளிக்கொண்டுதான் உங்கள் ஊருக்கு வருகிறது. வானத்தில் மழை இருக்காது, காற்றில் ஈரம் இருக்கும். ஹார்டனரில் உள்ள அமீன் என்கிற வேதிப்பொருள், இறுகுவதற்கு முன்னால் அந்த ஈரத்தோடும் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடும் சேர்ந்து மேலே ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடுகிறது. நீங்கள் தொட்டுப் பார்த்த மெழுகு அதுதான். எச்ஒய் 951 மாதிரியான ஹார்டனரில் இது அதிகம். பல பேர் செய்கிற தப்பு, தின்னர் போட்டுத் துடைப்பது. அந்தப் படலம் தண்ணீரில் கரையும், தின்னரில் சரியாகக் கரையாது. இன்னொரு தப்பு, உப்புத்தாள் போட்டே எடுத்துவிடப் பார்ப்பது. தேய்க்கத் தேய்க்க மெழுகைப் பரப்பிக் கீறலுக்குள் தள்ளுவதுதான் நடக்கும்.

பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரை நனைத்து, நன்றாகப் பிழிந்து, ஒரு கையகலம் ஒரு கையகலமாகத் தேயுங்கள். உடனே சுத்தமான துணியால் துடையுங்கள், துணியைத் திருப்பிக்கொண்டே இருங்கள். தண்ணீரை ஊற்றக் கூடாது. பக்கமும் முதுகும் சேருகிற இடத்தில் பசை இருக்கிறது, முன்பலகையின் வட்டத் துளை (சவுண்ட் ஹோல்) வழியாக உள்ளே தண்ணீர் போனாலும் வம்பு. துடைத்து முடித்தபின் ஒரு துளி தண்ணீரை வைத்துப் பாருங்கள், முத்து மாதிரி உருளாமல் பரவினால் படலம் போய்விட்டது. ஒரு நாள் காயவிட்டு உப்புத்தாள் போடுங்கள், மாவு மாதிரி தூள் கொட்டும், தாள் அடைக்காது.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், என் இரண்டாவது கிடார். அதையும் ஆடியில்தான் செய்தேன். இந்த மெழுகுமேல் லாக்கர் எட்டுக் கை அடித்து, தேய்த்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றி, வாங்க வந்தவரிடம் கொடுத்தேன். அவர் சட்டைப் பித்தான் உரசிய இடத்தில் ஒரு செதில் எழும்பியது. நகத்தால் பிடித்து இழுத்தார். அடுப்பிலிருந்து இறக்கின பால்மேல் ஆடை வருமே, அப்படி ஒரே துண்டாக உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து வந்தது. மனுசன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் செதிலை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போலாமுங்களா என்றார்.

ஆடியில் எபாக்ஸியே தொடக் கூடாதா என்றால், தொடலாம். கதவைச் சாத்தி, பகலில், கொஞ்சம் வெதுவெதுப்பான அறையில் செய்யுங்கள். மற்ற மாதங்களில் நான் பொழுதோடதான் தேய்ப்பேன். வெயில் தாழ்ந்து மரம் குளிர ஆரம்பிக்கிற நேரம் அது. குளிரும்போது துளைக்குள் இருக்கும் காற்று சுருங்கி எபாக்ஸியை உள்ளே இழுத்துக்கொள்ளும். காலையில் தேய்த்தால், தகரக் கூரை சூடேற ஏற அதே காற்று விரிந்து குமிழி குமிழியாக மேலே கொப்பளிக்கும். ஆடியில் மட்டும் இரவு ஈரத்துக்குப் பயந்து இந்த வழக்கத்தை மாற்றிக்கொள்கிறேன். குமிழி வந்தால் ஹாட் ஏர் கன்னைத் தூரத்தில் பிடித்து ஒரு வீச்சு வீசினால் உடையும்.

கேள்வி: இரண்டு கை எபாக்ஸி தேய்த்து, 220 நம்பர் தாளில் தேய்த்து மட்டமாக்கினேன். தடவிப் பார்த்தால் கண்ணாடி. பார்த்தால் புலித்தோல்! சில இடம் அடர்ந்த சிவப்பு, சில இடம் வெளிறிய பழுப்பு. எங்கே தப்பு செய்தேன்?
(ஈரோட்டிலிருந்து ஒரு தறிக்காரர்)

தப்பு என்று சொல்ல முடியாது, பாதி வழியில் நின்றிருக்கிறீர்கள். எபாக்ஸி மரத்தை நனைத்த மாதிரி அடர்த்தியாக்கும். அந்தச் சிவப்பு, எபாக்ஸித் தோல் இன்னும் மேலே இருக்கிற இடம். வெளிறிய இடம், தோல் தேய்ந்து வெறும் மரம் எட்டிப் பார்க்கிற இடம். லாக்கர் அடித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள், ஆகாது.

ஒன்று, முழுவதும் மெல்லிய தோல் இருக்க வேண்டும். இல்லை, எங்குமே தோல் இருக்கக் கூடாது, குழிக்குள் மட்டும் எபாக்ஸி. முதல் வழி கேட்க எளிது, கையில் வராது. முதுகு தட்டைப் பலகை இல்லை, லேசாக வளைந்திருக்கும், எங்கேயாவது தாள் தோலைத் தாண்டிவிடும். அதனால் நான் எப்போதும் இரண்டாவது வழிதான். குழியை நிரப்பத்தானே எபாக்ஸியை வாங்கினோம், மரத்துக்குச் சட்டை போடவா வாங்கினோம்?

தாளை ஒரு கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள், விரலால் தேய்த்தால் குழி விழும். முதலில் வருகிற தூள் வெள்ளையாக, கோலமாவு மாதிரி இருக்கும். அது எபாக்ஸி. தேய்த்துக்கொண்டே போனால் ஒரு இடத்தில் தூள் லேசாகப் பழுப்பாக மாறும். மரம் வந்துவிட்டது, அங்கே நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு டார்ச்சைப் பலகையோடு பலகையாகப் படுக்க வைத்துப் பாருங்கள். தேய்ந்த இடம் மங்கலாக இருக்கும், தேயாத பள்ளம் ஊசிமுனை ஊசிமுனையாக மினுக்கும். முதல் கைக்குப் பின் அந்த மினுமினுப்பு நிறையவே இருக்கும், குழி முழுதாக நிறையவில்லை என்று அர்த்தம். அதைத் துரத்திக்கொண்டு மரத்தைத் தேய்க்காதீர்கள், ஈட்டி முதுகே இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். இரண்டாவது கை தேயுங்கள், தேவைப்பட்டால் மூன்றாவது.

எல்லாம் மட்டமாகி, முழு முதுகும் ஒரே வெளிறலாக வந்தபின், கடைசியாக ஒரு வேலை. ஐந்து கிராம் எபாக்ஸி கலந்து, பனியன் துணியால் எடுத்து, முதுகு முழுக்கத் தேய்த்து, உடனே வேறு காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். துடைத்தபின் எதுவுமே மிச்சமில்லாத மாதிரி இருக்கும், ஆனால் மரம் முழுவதும் ஒரே அடர் நிறத்துக்கு வந்திருக்கும், புலி ஓடிப்போயிருக்கும். காய்ந்தபின் 400 நம்பர் தாளால் சும்மா தடவிக் கொடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் மறுபடி புலி.

மரத்துக்குச் சாயம் கொடுத்திருந்தீர்களா என்று கேள்வியில் இல்லை. கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தேய்த்து முடித்து, இந்தக் கடைசிக் கைக்கு முன்னால் கொடுங்கள். முதலிலேயே கொடுத்தால் 220 தாள் சாயத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

கேள்வி: லாரி பாடிக்கு பட்டி பார்க்கிறவன் நான். எங்களிடம் இருக்கிற பாலியெஸ்டர் பட்டி பத்து நிமிஷத்தில் காய்கிறது. கிளியர் பாலியெஸ்டர் ரெசினும் இருக்கிறது. அதையே கிடாருக்குப் போட்டால் என்னங்க?
(நாமக்கல் வாசகர்)

பட்டி வேண்டாம், ஒளி ஊடுருவாது. கிளியர் ரெசின் யோசிக்க வேண்டியதுதான். கிடார் ஃபாக்டரிகளிலேயே பாலியெஸ்டர் அடிக்கிறார்கள். ஆனால் ஈட்டி மாதிரி எண்ணெய் மரத்தில் நேராகப் போட்டால், மரத்திலிருக்கும் சத்து அதை இறுகவிடாது, மாசக்கணக்கில் பிசினாகவே கிடக்கும். இடையில் தடுப்புப் பூச்சு ஒன்று அடிக்க வேண்டும். எபாக்ஸிக்கு அந்தத் தொல்லை இல்லை. அப்புறம் பாலியெஸ்டர் இறுகும்போது சுருங்கும், வீச்சமும் வீடு முழுக்க நிற்கும். ஆனால் உங்கள் கை எனக்கு வேண்டும், வளைவில் பட்டி இழுத்துப் பழகின கை கார்டு பிடித்தால் எங்களைவிட நன்றாக வரும்.

கேள்வி: மரத்துக்குள் பிளாஸ்டிக்கை ஏற்றினால் நாதம் செத்துப்போகாதா? நாற்பது வருஷம் பாட்டு சொல்லிக் கொடுத்தவன் என்கிற முறையில் கேட்கிறேன்.
(கோபியிலிருந்து ஒரு பாட்டு வாத்தியார்)

ஐயா, உங்கள் சந்தேகம் நியாயமானது, ஆனால் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு கைக்கு 20 கிராம் முதுகில் தேய்க்கிறோம், கார்டு வழித்தது போக, தாள் தேய்த்தது போக, மிச்சம் குழிக்குள் சில கிராம். முழு கிடார் இரண்டு கிலோவுக்குப் பக்கம் இருக்கும். நாதம் பெரும்பாலும் முன்பலகையிலிருந்து வருகிறது, அங்கே எபாக்ஸியை நான் விடுவதே இல்லை. முன்பலகைக்குப் போடும் ஸ்ப்ரூஸ் ஊசியிலை மரம், அதில் இந்தக் குழாய்த் துளையே கிடையாது, அடைக்க என்ன இருக்கிறது? மெல்லிய அரக்கு பாலீஷ் ஒரு கை, மேலே லாக்கர், அவ்வளவுதான்.

எபாக்ஸியை வழிக்காமல் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஊற்றி, மேஜைக்குச் செய்கிற மாதிரி விட்டால் நீங்கள் சொல்வது நடக்கும். அப்படி ஒரு கிடார் என்னிடம் ரிப்பேருக்கு வந்தது. முதுகைத் தட்டினால் பிளாஸ்டிக் வாளியைத் தட்டின மாதிரி சத்தம்.

கேள்வி: அப்பாரு காலத்து வீட்டு உத்தரத்திலிருந்து ஈட்டியும் தேக்கும் கிடைத்திருக்கிறது. இரண்டும் எண்ணெய் மரம், எபாக்ஸி பிடிக்குமா?
(பொள்ளாச்சி வாசகர்)

கொடுத்து வைத்தவர் நீங்கள். டாப் ஸ்லிப் என்கிற பெயரே, மேலிருந்து தேக்குக் கட்டைகளை மலைச்சரிவில் சறுக்கிவிட்டதால் வந்தது, அந்த மலைத் தேக்காகக்கூட இருக்கலாம் உங்கள் உத்தரம். எபாக்ஸி பிடிக்கும். எபாக்ஸி தேய்ப்பதற்குச் சற்று முன்னால் புது உப்புத்தாளால் ஒரு தடவை தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது பறந்ததும் எபாக்ஸியைத் தேயுங்கள். நேற்றே துடைத்துவிட்டு இன்றைக்குத் தேய்த்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். ஈட்டியில் இன்னொரு சங்கதி: தின்னரோ அரக்கு பாலீஷோ பட்டால் அதன் ஊதாச் சாயம் கரைந்து ஓடும், ஓரத்தில் வெள்ளை பைண்டிங் (விளிம்பில் ஒட்டும் பட்டை) இருந்தால் அது ரோஸ் நிறமாகிவிடும். பைண்டிங்மேல் டேப் ஒட்டிவிட்டுத் துணியை உள்பக்கம் நோக்கியே துடையுங்கள். எபாக்ஸி அந்தச் சாயத்தை அவ்வளவாகக் கரைக்காது, ஒரு தடவை இறுகிவிட்டால் சாயத்துக்குப் பூட்டு போட்ட மாதிரி.

உத்தரம் உங்கள் வீட்டுடையது என்பதற்குக் காகிதம் ஏதாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். ஈட்டிக்கென்று தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் போட்டார்கள். 2017 ஜனவரியில் அந்த மரப் பேரினம் முழுவதும் சைட்ஸ் (அருகிவரும் உயிரினங்களின் வெளிநாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் ஏறியது. 2019-இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள், பலகைக்குக் கொடுக்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் மச்சானுக்குப் பலகையை பார்சல் போடுகிற எண்ணம் இருந்தால் முதலில் வனத்துறையிடம் கேளுங்கள்.

கேள்வி: கிடார் செய்வது என் வீட்டுக்காரர், எழுதுவது நான். மூன்று மாதமாக அவருக்கு விரல் இடுக்கில் அரிப்பு, சிவந்து கொப்புளம். தின்னர் போட்டுக் கை கழுவுகிறார். கேட்டால் ‘பனியன் கம்பெனிச் சாயத்தையே பார்த்த கை’ என்கிறார்.
(திருப்பூர் வாசகி)

அம்மணி, இதை அவர் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். இறுகாத எபாக்ஸி, ரெசினும் சரி ஹார்டனரும் சரி, தோலுக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். முதல் சில தடவை பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதனால்தான் எல்லாரும் அலட்சியமாக இருக்கிறார்கள். ஒரு நாள் உடம்பு கண்டுகொள்ளும், அதற்கப்புறம் ஒரு துளி பட்டாலும் கொப்புளம்தான், பொதுவாக அது வாழ்நாள் முழுக்க நிற்கும். தின்னர் போட்டுக் கழுவுவது எல்லாவற்றிலும் மோசம், தோலிலிருக்கும் எண்ணெயை எடுத்துவிட்டு எபாக்ஸியை உள்ளே அனுப்பும். சோப்பும் தண்ணீரும்தான். முதலில் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், எபாக்ஸி என்று வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்லும் வரை எபாக்ஸி வேலை நிறுத்தம்.

மற்றவர்களுக்கு: நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை. முந்தாநாள் தேய்த்த எபாக்ஸியை அரைகுறையாக இறுகியிருக்கும்போதே தாள் போடாதீர்கள், அந்தத் தூள்தான் மூக்குக்கும் கழுத்துக்கும் போகும். முகமூடி போடுங்கள், ஈட்டித் தூளும் சும்மா இல்லை, அதுவும் பலருக்கு ஒத்துக்கொள்ளாது. நான் பேட்டர்ன் பட்டறையில் (வார்ப்புக்கு மர அச்சு செய்கிற இடம்) வேலை கற்ற காலத்தில் இதையெல்லாம் சொல்ல ஆளில்லை, மூத்தவர்கள் பலர் கையைச் சொறிந்துகொண்டேதான் சோறு தின்றார்கள்.

கேள்வி: எபாக்ஸி முடித்து எத்தனை நாளில் லாக்கர்? கழுத்துக்கும் அடைக்க வேண்டுமா?
(மேட்டுப்பாளையம் வாசகர்)

ஒரு வாரம். அடுத்த நாளே கெட்டியாகத் தெரியும், நம்பாதீர்கள். சரியாக இறுகாத எபாக்ஸிமேல் எண்ணெய் வார்னிஷ் அடித்தால் சில சமயம் காயவே காயாது. லாக்கர் தின்னர் இறுகின எபாக்ஸியைக் கரைத்துப் பிடித்துக்கொள்ளாது, உப்புத்தாளின் கீறல்தான் அதற்குப் பிடிமானம். நான் இடையில் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு மெல்லிய கை கொடுப்பேன். கழுத்து மகோகனி என்றால் அடைக்கலாம். கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் மட்டும் டேப் ஒட்டி எபாக்ஸி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே பசைக்கு வெறும் மரம் வேண்டும். விரல் வைத்து வாசிக்கும் பலகையை (ஃபிங்கர்போர்டை) விட்டுவிடுங்கள்.

கேள்வி: இதெல்லாம் படிக்கவே தலை சுற்றுகிறது. துளையைத் துளையாகவே விட்டுவிட்டால் என்னங்க ஆகும்?
(தாராபுரம் வாசகர்)

ஒன்றும் ஆகாது. பளபளப்பு வேண்டும் என்றால்தான் இத்தனை பாடும். மங்கலான பூச்சு போதும் என்றால், அரக்கோ எண்ணெயோ மெல்லிசாக நாலு கை தேய்த்து, துளை தெரிய விட்டுவிடலாம். மரத்தைத் தொடுகிற மாதிரியே இருக்கும், கீறல் விழுந்தால் சரி செய்வதும் சுலபம். அழுக்கு குழியில் சேரும், வருஷம் ஒரு தடவை துடைக்க வேண்டும். நான் தினம் வாசிக்கிற கிடார் மலைவேம்பு முதுகு, துளை ஒவ்வொன்றும் பென்சில் கோடு அகலம். எபாக்ஸி வாங்கி வைத்து இரண்டு வருஷம் ஆச்சு, இன்னும் மூடியைத் திறக்கவில்லை.